7 ஆண்டுகள், 17 நிமிடங்கள்: ஒலிவியா டி ஹாவிலண்டின் இரு வழக்குகள்

கலிஃபோர்னியா மாநிலத்தின் இரண்டாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே ஹாலிவுட் நடிகை தொடுத்த இரண்டு வழக்குகளில் 73 ஆண்டு இடைவெளியில் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. 1944 டிசம்பர் 8 அன்று வந்த முதல் தீர்ப்பில் ஒலிவியா டி ஹாவிலண்ட் வென்றார். அப்போது அவருக்கு வயது 28. 2018 மார்ச் 26 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பில் அவர் தோற்றார். அப்போது வயது 101. அவரைப் பற்றி எழுதுபவர்கள் நடிகையான தங்கை ஜோன் ஃபான்டெய்னோடு இருந்த பகையையும் நடிகர் எரல் ஃப்ளின்னோடு நடித்த காதல் படங்களையும் விரிவாகச் சொல்லிவிட்டு, வழக்குகளை இரண்டொரு பத்திகளில் முடித்துவிடுவது வழக்கம். என் பார்வையில் அந்த வழக்குகளை நடுவில் வைத்துப் படித்தால்தான், அவர் எந்த ஆண்டில் எந்தப் படத்தில் நடித்தார், எந்த ஆண்டில் ஏன் வீட்டில் இருந்தார், நடிப்பை விட்டு ஏறத்தாழ 30 ஆண்டு கழிந்த பிறகும் எதற்காக நீதிமன்றத்துக்குப் போனார் என்பதெல்லாம் விளங்குகின்றன.

ஒலிவியா 1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை காப்புரிமை வழக்கறிஞர். தாய் மேடை நடிகை. குழந்தைகளின் உடல்நலத்தை முன்னிட்டுத் தாய் 1919-இல் இரு மகள்களோடு கலிஃபோர்னியாவுக்கு வந்து, சாரடோகா என்ற சிற்றூரில் குடியேறினார். பள்ளிப் பருவத்திலேயே நாடக மேடையேறிய ஒலிவியாவுக்கு 1934-இல் ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்திரிய நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றை மேடையேற்றினார். ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகையாக மட்டுமே சேர்க்கப்பட்டிருந்த ஒலிவியா, அதில் நடிக்க வேண்டியவர் வர இயலாமற்போனதால் அந்த வேடத்தை ஏற்றார். அதே நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் படமாக்கியபோது அவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆசிரியை ஆகவேண்டும் என்று எண்ணியிருந்த 18 வயதுப் பெண், வாரச் சம்பளம் வாங்கும் நடிகையானார்.

இந்த ஆய்வுக்கு முக்கியமான ஆவணம் 1936 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். அது 52 வாரங்களுக்கானது. அந்த 52 வாரம் முடிந்ததும் மேலும் 52 வாரம் நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு; அவ்வாறு ஆறு முறை நீட்டிக்கலாம். நடிகைக்கு அந்த உரிமை கிடையாது. நிறுவனத்துக்கு வேண்டாமென்றால் ஆண்டு முடிவில் அனுப்பிவிடலாம். வேண்டுமென்றால் ஏழு ஆண்டுகள் கட்டிப்போடலாம். இடையில் நிறுவனம் கொடுக்கும் கதையை, கொடுக்கும் வேடத்தை, சொல்லும் தேதியில் நடித்துக்கொடுக்க வேண்டும். வேறு நிறுவனத்துக்கு இரவல் அனுப்பினால் அங்கே போய் நடிக்க வேண்டும். மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். மறுத்த வேடத்தை வேறொருவர் நடித்து முடிக்க எத்தனை வாரம் ஆகிறதோ, அத்தனை வாரமும் சம்பளமில்லாத நாட்களாகும். அதோடும் முடியாது, அந்த வாரங்கள் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கப்படும். கந்துவட்டிக்காரனிடம் பட்ட கடனில் கட்டத் தவறிய வட்டி முதலோடு சேர்ந்து வளர்வதைப் போல, மறுக்க மறுக்க ஒப்பந்தக் காலம் நீண்டுகொண்டே போகும். கதையைத் தேர்ந்தெடுக்க விரும்பிய நடிகருக்குத்தான் அடிமைக்காலம் அதிகம்.

வேடங்களின் தரமே இங்கு சிக்கலாயிற்று. 1935 முதல் 1941 வரை ஃப்ளின்னோடு அவர் நடித்த எட்டுப் படங்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடின. ஆனால் கதாநாயகன் வாள் வீசி முடிக்கும் வரை காத்திருந்து, கடைசியில் கைப்பிடிக்கும் பெண்ணாக அவர் இருந்தாரே தவிர, நடிப்பதற்கு அங்கே இடம் குறைவு. ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மெலனி வேடத்துக்குத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் அவரை விரும்பியபோது, நிறுவனத்தை நடத்திய ஜாக் வார்னர் இரவல் கொடுக்க மறுத்தார். ஒலிவியா நேரே வார்னரின் மனைவி ஆன் என்பவரைத் தேநீருக்கு அழைத்துத் தம் குறையைச் சொன்னார். மனைவி பரிந்துபேசிய பிறகே அனுமதி கிடைத்தது. 1939-இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 1941-இல் அவருக்கு இரண்டாவது பரிந்துரையைத் தந்த ‘ஹோல்ட் பேக் த டான்’ படமும் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இரவல் போய் நடித்ததே. அவருடைய முதலாளிக்கு அவர் எதற்குத் தகுதியானவர் என்பது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை. இரண்டில் எதுவென்று தீர்மானிப்பது கடினம். வார்னரின் நடத்தையைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1943 மே 5 அன்று ஏழு ஆண்டுகள் நிறைந்தன. வேடங்களை மறுத்ததற்காகச் சம்பளமின்றி விலக்கிவைக்கப்பட்ட வாரங்களைக் கணக்கிட்டு, ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றது நிறுவனம். வழக்கமாக நடிகர்கள் இந்த இடத்தில் பணிந்துபோவார்கள். முன்னுதாரணமும் அச்சுறுத்துவதாகவே இருந்தது. 1936-இல் இதே நிறுவனத்தின் நடிகை பெட்டி டேவிஸ், வேடங்கள் பிடிக்காமல் இங்கிலாந்துக்குப் போய் வேறொருவருக்குப் படம் நடிக்க முயன்றபோது, நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் தடையாணை பெற்று அவரைத் திரும்பவைத்தது. ஆனால் ஒலிவியாவின் வழக்கறிஞர் மார்ட்டின் காங், ஆங்கிலேய நீதிமன்றத்துக்குப் பொருந்தாத ஒரு சட்டப்பிரிவைக் கையில் வைத்திருந்தார். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத்தொகுப்பில் உள்ள 2855-ஆம் பிரிவு அது. வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குமேல் எந்தச் சேவை ஒப்பந்தத்தையும் பணியாளருக்கு எதிராக நிறைவேற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 1872-ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத்தொகுப்பில் முளைத்த விதி அது. சட்டப் புத்தகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதைத் திரைத்துறை ஒப்பந்தத்தின்மேல் வைத்து இறுதிவரை வழக்காடத் துணிந்தவர் அதுவரை இல்லை.

வழக்கின் கேள்வி சுருக்கமானது: ஏழு ஆண்டு என்பது நாள்காட்டியின் ஏழு ஆண்டா, நடிகை உண்மையில் வேலை செய்த நாட்களைக் கூட்டி வரும் ஏழு ஆண்டா? இரண்டாவதுதான் என்றது நிறுவனம். தவிரவும், விலக்கிவைத்த காலத்தைச் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே ஒலிவியா ஒப்புக்கொண்டிருப்பதால், சட்டம் தரும் பாதுகாப்பை அவரே கைவிட்டுவிட்டார் என்றும் வாதிட்டது. கீழ்நீதிமன்றம் 1944-இல் ஒலிவியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் நீதிபதி ஷின் எழுதிய தீர்ப்பு அதை உறுதிசெய்தது. நாள்காட்டியின் ஏழு ஆண்டையே சட்டம் குறிக்கிறது. உழைப்பை விற்பவர் அத்தனை காலத்துக்குப் பிறகு வேலை கொடுப்பவரையோ தொழிலையோ மாற்றிக்கொள்ள முடியவேண்டும் என்பது பொதுநலன் சார்ந்த கொள்கை. பொதுநலனுக்காக வகுக்கப்பட்ட உரிமையை ஒருவர் தனிப்பட்ட ஒப்பந்தத்தின் வழியே முன்கூட்டிக் கைவிட முடியாது என்பது அதன் சாரம். 1945-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

தீர்ப்பில் எனக்கு வலுவாகத் தோன்றுவது கடைசிப் பகுதி. காலத்தை எண்ணும் முறை பற்றிய முடிவு மட்டும் வந்திருந்தால், நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கூட்டி அதைச் செல்லாக்காசாக்கியிருப்பார்கள். கைவிட முடியாத உரிமை என்று சொன்னதுதான் அந்தக் கதவை அடைத்தது. போருக்குப் போய்த் திரும்பிய நடிகர்களுக்கும் இது உதவியது. இராணுவத்தில் கழிந்த ஆண்டுகளை ஒப்பந்தத்தின் முடிவில் சேர்க்க நிறுவனங்களால் இயலவில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டு, தனித்து இயங்கும் நடிகரானது இந்தப் பின்னணியில்தான்.

வழக்கு நடந்த காலம் ஒலிவியாவுக்குச் சும்மா கழியவில்லை. அவர் தம்மிடம் கட்டுப்பட்டவர் என்றும், அவருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றும் மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் வார்னர் கடிதம் அனுப்பினார். ஏறத்தாழ இரண்டாண்டு காலம் ஒலிவியா ஒரு படத்திலும் நடிக்க முடியவில்லை. 28 வயது நடிகைக்கு அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இரண்டாண்டு இடைவெளி என்பது மறக்கப்படுவதற்குப் போதுமானது. அந்த மாதங்களில் அவர் அலாஸ்கா, அலூஷியன் தீவுகள், தென் பசிபிக் தீவுகள் என்று இராணுவ மருத்துவமனைகளுக்குச் சென்று, காயம்பட்ட வீரர்களைச் சந்தித்தார்; ஃபிஜியில் நிமோனியா கண்டு தாமும் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. 1943-இலேயே நடித்து முடித்திருந்த ‘டிவோஷன்’ படத்தை வார்னர் நிறுவனம் 1946-இல்தான் வெளியிட்டது. பெயர் வரிசையில் அவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

விடுதலைக்குப் பிறகு வந்த நான்கு ஆண்டுகள், அவர் எதற்காகப் போராடினார் என்பதற்குச் சான்று. பாரமவுண்ட் நிறுவனத்துக்காக நடித்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ (1946) அவருக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. அதற்குத் தமக்குப் பிடித்த இயக்குநர் மிட்செல் லைசனே வேண்டுமென்று வலியுறுத்தியவர் அவர்தான். மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண்ணாக நடித்த ‘த ஸ்நேக் பிட்’ (1948) படத்துக்காக மருத்துவமனைகளுக்கு நேரில் போய், நோயாளிகளுக்குத் தரப்பட்ட நீர்ச் சிகிச்சையையும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் அருகிலிருந்து பார்த்தார். ‘த ஏரஸ்’ (1949) படத்தின் பிறப்பே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. நியூயார்க்கில் நாடகத்தைப் பார்த்துவிட்டு, இயக்குநர் வில்லியம் வைலரிடம் அதைப் படமாக எடுக்கும்படி சொன்னவர் அவர். அதில் காதலனால் கைவிடப்பட்ட பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் காட்சி ஒன்று உண்டு. பல முறை எடுத்தும் வைலருக்கு நிறைவில்லை. பிறகு வெற்றுப் பெட்டிக்குள் கனமான புத்தகங்களை நிரப்பி மறுபடி ஏறச் சொன்னார் என்று சொல்லப்படுகிறது. திரையில் அந்தத் தோளின் சரிவைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இரண்டாவது ஆஸ்கர் அந்தப் படத்துக்கு.

1950-களில் அவர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாவது கணவர் பியர் கலாந்த் ‘பாரி மாட்ச்’ இதழில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். அதன்பிறகு படங்கள் இடைவெளி விட்டே வந்தன. 1964-இல் பெட்டி டேவிஸோடு நடிக்கத் தொடங்கிய ஜோன் க்ராஃபோர்ட் பாதியில் விலகியபோது, இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச் சுவிட்சர்லாந்துவரை வந்து கேட்டுக்கொண்டதன்பேரில் அந்த வேடத்தை ஏற்றார். இந்தச் செய்தி பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். 1965-இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி அவரே.

தொலைக்காட்சியில் அவருடைய கடைசிப் பத்தாண்டை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1979-இல் ‘ரூட்ஸ்’ தொடரின் இரண்டாம் பகுதியில் நடித்தார். 1982-இல், இளவரசர் சார்லஸ் – டயானா திருமணத்தைக் கதையாக்கிய தொலைக்காட்சிப் படத்தில் இங்கிலாந்தின் ராணித்தாயாக வந்தார். 1986-இல் ரஷ்யப் பேரரசின் கடைசி அரசரின் தாயாராக நடித்துக் கோல்டன் குளோப் விருது பெற்றார். 1988-இல் எட்வர்ட் மன்னர் முடிதுறந்த கதையில், அவருடைய காதலி வாலிஸ் சிம்ப்சனின் பெரியம்மா பெஸ்ஸியாக நடித்ததே கடைசி வேடம். இவற்றில் கடைசி மூன்று வேடங்களுமே உண்மையில் வாழ்ந்த மனிதர்களுடையவை. ராணித்தாய் அப்போது உயிரோடிருந்தார். இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது வழக்கைப் படிக்க வேண்டும்.

2017 மார்ச்சில் எஃப்.எக்ஸ். தொலைக்காட்சி, ரயன் மர்ஃபி உருவாக்கிய எட்டுப் பகுதித் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பெட்டி டேவிஸ், ஜோன் க்ராஃபோர்ட் ஆகியோருக்கிடையே இருந்த போட்டியே கதை. அதில் டேவிஸின் தோழியாக ஒலிவியா வருகிறார். நடித்தவர் கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ். 1978-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் அமர்ந்து, பழைய கதையைப் பேட்டியாகச் சொல்லும் அமைப்பு. அப்படியொரு பேட்டியை ஒலிவியா கொடுத்ததே இல்லை. தொடரில் அவர் தம் தங்கையை ஒரு கொச்சையான வசைச்சொல்லால் குறிப்பிடுகிறார். ஃபிராங்க் சினாட்ராவின் குடிப்பழக்கத்தைக் கிண்டல் செய்கிறார். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, பணமும் தரவில்லை. கதையில் வரும் முக்கியமானவர்களில் உயிரோடிருந்தவர் ஒலிவியா. 2017 ஜூன் 30 அன்று, தம் 101-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தம் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தியது, தம்மைப் பொய்யான வெளிச்சத்தில் காட்டியது (அதாவது, தம்மைப் பற்றித் தவறான எண்ணம் எழும்படி சித்திரித்தது) ஆகியவை முக்கியக் குற்றச்சாட்டுகள்.

பேச்சுரிமையை முடக்கும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வழிசெய்யும் மாநிலச் சட்டம் ஒன்று கலிஃபோர்னியாவில் உண்டு. வாதி தாம் வெல்லக்கூடிய வாய்ப்பை அந்தக் கட்டத்திலேயே காட்டியாக வேண்டும். எஃப்.எக்ஸ். அதன்கீழ் மனுச் செய்தது. தொடர் உண்மை போலவே தோன்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் முயன்றிருக்கிறார்கள். ஆகவே ஒலிவியாவின் உருவத்தில் புதிதாக எதையும் படைத்துவிடவில்லை என்று கருதி, கீழ்நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டில் நீதிபதி ஆன் எகர்ட்டன் எழுதிய தீர்ப்பு இதை முழுவதுமாக மாற்றியது. 392 நிமிடம் ஓடும் தொடரில் ஒலிவியா பாத்திரம் வருவது 17 நிமிடத்துக்கும் குறைவு. உலகறிந்த நட்சத்திரமானாலும் யாருக்கும் தெரியாத மனிதரானாலும் வரலாறு அவருக்குச் சொந்தமாகாது. தம்மைச் சித்திரிக்கும் படைப்பாளியைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ அவருக்குச் சட்ட உரிமை இல்லை என்றது தீர்ப்பு. கீழ்நீதிமன்றத்தின் வழியில் போனால், உள்ளபடி காட்டினால் உருவத்தைத் திருடியதாகவும், கற்பனை கலந்தால் பொய் சொன்னதாகவும் வழக்கு வரும். படைப்பாளிக்குத் தப்பவே வழியிருக்காது என்றும் சுட்டிக்காட்டியது. 2018 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும், 2019 ஜனவரி 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தன.

உருவத்தைப் பயன்படுத்திய குற்றச்சாட்டில் நீதிமன்றம் சொன்னது சரி என்றே கருதுகிறேன். அனுமதி பெற்றுத்தான் உயிரோடிருப்பவரை நடிக்கலாம் என்ற விதி இருந்திருந்தால், ஒலிவியாவின் 1982-ஆம் ஆண்டு வேடத்துக்கே சிக்கல் வந்திருக்கும். ஆனால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பதும் புரியாததல்ல. அவர் வளர்ந்த ஸ்டுடியோ உலகில் நடிகையின் முகம், பெயர், விளம்பரப் புகைப்படம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஒப்பந்தத்துக்குள் இருந்தது. அந்த ஒப்பந்தத்தை உடைத்து வெளியே வந்தவர், தம் முகம் இனித் தம்முடையது மட்டுமே என்று எண்ணியிருந்தால் வியப்பில்லை.

பொய்யான வெளிச்சம் என்ற குற்றச்சாட்டில் எனக்கு அத்தனை நிம்மதி இல்லை. தங்கையை ‘டிராகன் லேடி’ (ஆளை ஆட்டிப்படைக்கும் பெண்) என்று ஒலிவியா பேட்டியில் சொன்னது உண்டு. இன்றைய பார்வையாளருக்கு எளிதில் புரியவேண்டும் என்று அதைத்தான் வசையாக மாற்றினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. இரண்டுக்கும் பார்வையாளர் மனத்தில் பெரிய வேறுபாடு இருக்காது என்றும், மொத்தத்தில் அவரைச் சாதுரியமும் பண்பும் உள்ளவராகவே தொடர் காட்டுகிறது என்றும் நீதிமன்றம் ஏற்றது. பொதுவாழ்வில் உள்ளவர் வெல்ல வேண்டுமானால், பொய்யென்று அறிந்தோ உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமலோ செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்ற கடுமையான அளவுகோலும் அவருக்கு எதிராக நின்றது. சட்டக் கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பேட்டிக்கு முன் பல பத்தாண்டுகள் தங்கையைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறக்காமல் இருந்தது அவருடைய தேர்வு. ஜோன் 2013-இல் இறந்தபோதும் வருத்தம் தெரிவித்தாரே தவிர வேறு பேசவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் தொடர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடு கேட்கும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஒலிவியா 2020 ஜூலை 26 அன்று பாரிஸில் தம் 104-ஆம் வயதில் காலமானார். 2855-ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 1987-இல் இசைத்தட்டு நிறுவனங்கள் கேட்டுப் பெற்ற திருத்தத்தின்படி, ஏழு ஆண்டில் வெளியேறும் பாடகர் கொடுக்காமல்விட்ட பாடல் தொகுப்புகளுக்காக இழப்பீடு கேட்டு அவர்மேல் வழக்குத் தொடுக்கலாம். 2008-இல் ‘தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ இசைக்குழுவிடம் அதன் நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்காடியபோது, குழுவினர் கைகாட்டியது 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத்தான். அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இரண்டாவது வழக்கு விட்டுச்சென்ற கேள்வி இப்போது வேறு வடிவில் வந்திருக்கிறது. ஒலிவியாவாக இன்னொரு நடிகை நடித்தார். இன்று நடிகரின் முகத்தையும் குரலையும் கணினியே படியெடுத்துவிடும். 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம், அத்தகைய படியை எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லாமலும், நடிகருக்காக வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ பேசாமலும் எழுதப்படும் ஒப்பந்த விதியைச் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவைச் சேர்த்திருப்பது தொழிலாளர் சட்டத்தொகுப்பில், 2855 இருக்கும் அதே புத்தகத்தில்.